சுக்கான் பிடித்த கை

தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த இரண்டு பொருள்களோடு நண்டைப் போன வாரம் விட்டுவிட்டு வந்தோம். அவற்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவள் படுத்தாள். தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு நண்டு என்று பெயரா என்று புதிதாக வந்தவர்கள் கேட்கலாம். நடக்கப் பழகிய நாளில் பக்கவாட்டில் நகர்ந்தாளாம். அத்தை வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. துறைமுக அலுவலகத்தில் அவளுக்கு வேலை, கடல் வரைபடங்களைத் திருத்துவது. எங்கோ ஒரு மிதவை இடம் மாறினால், ஒரு மணல்திட்டு வளர்ந்தால் அறிவிப்பு வரும். அதை அவள் ஊதா மசியில் வரைபடத்தில் ஏற்றுவாள்.

அந்த வேலைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. தப்பானதைச் சுரண்டி எடுக்கக் கூடாது. அதன்மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது, இடது கீழ் மூலையில் திருத்தத்தின் எண். இருபது வருஷமாக இதையே செய்து, இப்போது அவளுடைய மளிகைச் சீட்டுகூட அப்படித்தான் இருக்கும்.

அப்பா பைலட். ஆகாயத்தில் பறக்கிறவர் இல்லை. வெளியே வந்து நிற்கிற கப்பலில் ஏறி, பாறைகளுக்கு நடுவே துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவருகிறவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் தீவில் எல்லோருக்கும் அவர் பைலட்தான். அவருடைய அப்பாவும் பைலட். அதற்கும் மேலே ஏறினால் சுக்கான் பிடித்தவர்கள், பாய் தைத்தவர்கள், பேர் மட்டும் மிஞ்சி முகம் மிஞ்சாதவர்கள். ஏழு தலைமுறை. பழைய வரைபடம் ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று மாதமாக நண்டு அந்த வம்ச மரத்தை வரைந்துகொண்டிருந்தாள்.

மரம் ஐந்தாவது தலைமுறை வரை சமர்த்தாக வந்தது. அங்கே இரண்டு கிளை. அப்பாவின் அப்பா, பெரியவர். அவருடைய தம்பி, சின்னவர்.

எண்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பல் தூரதேசத்துப் பாறையில் மோதியது. தீவைச் சேர்ந்த பதினொரு பேர் திரும்பவில்லை. அந்த ஊரிலேயே விசாரணை நடந்தது. மோதிய நேரத்தில் சுக்கான் பிடித்திருந்தவர் சின்னவர், அவர் தூங்கிவிட்டார் என்று முடிவாயிற்று. தீர்ப்பில் அது ஒரு வரிதான். அந்த ஒரு வரியால் கிடங்குத் தெருவில் ஒரு குடும்பத்துக்கு ‘தூங்கினவன் வீடு’ என்ற பேர் மூன்று தலைமுறையாக நிலைத்துவிட்டது. பைலட் வீட்டிலிருந்து ஒருவரும் அந்தத் தெருவுக்குள் காலடி வைத்ததில்லை.

பெட்டியில் கிடைத்த ஒன்று, சின்னவரின் கப்பல் புத்தகம். கப்பல்காரர்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் முத்திரை வாங்குகிற புத்தகம். அதன் முதல் பக்கத்தில் கையெழுத்து போடுகிற இடத்தில் கட்டைவிரல் ரேகை இருந்தது. மற்றொன்று, விசாரணையில் சின்னவர் கொடுத்த வாக்குமூலத்தின் நகல். அதன் அடியில் கையெழுத்து, அதற்கும் அடியில் அழுத்தி இழுத்த இரண்டு கோடுகள்.

கைநாட்டு வைக்கிற மனிதர் விசாரணையில் எப்படிக் கையெழுத்துப் போட்டார்? அதுவும் பெரியவர் தன் குறிப்பேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துவைத்த அதே இரண்டு கோடுகளோடு?

இதுதான் தலையணைக்கு அடியில் இருந்த முள்.

*

காலை எட்டரைக்கு வரைபட அறையின் கதவை யாரோ விரலால் தட்டினார்கள்.

“மேடம், ஒரு நிமிஷம் பேசலாமா?”

கப்பல் பட்டறை வெல்டர். சட்டை முழுக்கப் பொறி பட்ட பொத்தல்கள், கையில் முகமூடி. கிடங்குத் தெருக்காரர், சின்னவரின் பேரன். முறைப்படி நண்டுக்கு அண்ணன். நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. வாங்க போங்க என்பதோடு சரி.

“உள்ளே வாங்க.”

அவர் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வரைபட மேசையில் விரித்தார். அது என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பதினொரு பேருக்கும் துறைமுக வாசலில் ஒரு கமிட்டி நினைவுத் தகடு வைக்கிறது. கனத்த இரும்புத் தகட்டில் பெயர்களைத் தீயால் வெட்டி எடுக்க வேண்டும். தீவில் அந்த வேலையைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். வாசகம் சரி என்று மூத்த பைலட், அதாவது நண்டின் அப்பா, கையெழுத்துப் போட வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள்.

“பதினொரு பேரையும் வெட்டறேன் மேடம். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமா வரும். கடைசி வரி மட்டும்தான்...”

நண்டு கடைசி வரியைப் படித்தாள். சுக்கான் பிடித்திருந்தவர் இன்னார், கடமை தவறினார் என விசாரணை கண்டது.

“கமிட்டிச் செயலாளர்கிட்ட சொல்லிப் பார்த்தீங்களா?”

“சொன்னேன். வரலாறு முழுசா இருக்கணுமாம். எங்க தாத்தா பேரை நானே வெட்டறது அவருக்கு வரலாறா தெரியலை போல.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “அவர் தப்புப் பண்ணலைன்னு சொல்ல வரலை மேடம். பண்ணியிருப்பார். அதுக்காகச் செத்தவங்க காலடியில அவரை நிரந்தரமா நிக்க வெக்கணுமா? பைலட் ஐயா ஒரு வார்த்தை சொன்னா செயலாளர் மறுக்க மாட்டார்.”

பைலட் ஐயா. அவர் வாயில் பெரியப்பா என்று வர வேண்டிய இடம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மனிதர் பைலட் படகில் வேலை கேட்டு எழுதிப் போட்டிருந்தார். நீச்சலில் முதல், கயிற்றேணி ஏறுவதில் முதல். தலைமைப் பைலட்டாக இருந்த அப்பா, விண்ணப்பத்தின் ஓரத்தில் ‘குடும்பப் பின்னணி காரணமாக வேண்டாம்’ என்று எழுதி அனுப்பினார். ஊரே அதைச் சரி என்றது. அப்போது நண்டும் சரி என்றுதான் நினைத்தாள். இப்போது அந்த நினைப்பு உறுத்தியது.

“அப்பாகிட்ட பேசறேன்,” என்றாள்.

வாசல் வரை போனவர் நின்றார்.

“ஒண்ணு சொல்லணும். எங்க தாத்தா கடைசி வரைக்கும் நொண்டித்தான் நடந்தார். கப்பல் மோதினதுல ஒடைஞ்ச காலுன்னு ஊர் சொல்லும், கடவுள் குடுத்த தண்டனைன்னும் சொல்லும். அது இல்லைன்னு எங்க அப்பாகிட்ட ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கார். கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே அக்கரைத் துறைமுகத்துல விழுந்து ஒடைஞ்சதாம். அப்ப எப்படிக் கப்பல்ல போனீங்கன்னு எங்க அப்பா திருப்பிக் கேட்டிருக்கார். பேசாம எழுந்து வெளிய போயிட்டாராம்.”

அவர் போய்விட்டார். நண்டின் பேனா பிடித்த இடத்திலேயே இருந்தது. நுனியிலிருந்து ஊதா மசி கசிந்து, நல்ல ஆழமான கடலில் இல்லாத தீவு ஒன்றை உண்டாக்கியது.

*

பத்து மணி லாஞ்ச் படகில் நண்டு அக்கரைக்குப் போனாள். நாற்பது நிமிஷப் பயணம். அவள் கண் தண்ணீரில் இருந்தாலும் மனம் அந்தக் காலத்து வழக்கம் ஒன்றைச் சுற்றி வந்தது.

அப்போது கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த இடமும் புத்தகத்துக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை. ஒருவன் காய்ச்சலில் விழுந்தால், இடம் போய்விடக் கூடாது என்று அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அண்ணனோ தம்பியோ ஏறிவிடுவான். புகைப்படம் ஒட்டாத புத்தகம், கேட்பதற்கு ஆள் இல்லை. திரும்பி வந்ததும் உரியவனிடம் கொடுத்துவிடுவான். மழைக்குக் குடை இரவல் வாங்குகிற மாதிரி. பழைய குறிப்பேடுகளில் இதைப் பற்றிப் படித்து நண்டு சிரித்திருக்கிறாள்.

அக்கரை ஆஸ்பத்திரியின் ஆவண அறையை ஓர் அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் துணி கட்டியிருந்தாள்.

“எந்த வருஷம்?”

நண்டு சொன்னாள்.

“எனக்கே அறுபதுதான் ஆகுது. இந்த வருஷத்தை எல்லாம் யாரும் கேக்கறதில்லை. ஏணியைப் பிடிச்சுக்கோம்மா, நான் விழுந்தா இதே ஆஸ்பத்திரியிலதான் சேர்க்கணும்.”

மூன்றாவது பதிவேட்டில் கிடைத்தது. சின்னவரின் பேர். கப்பல்காரர், வயது இருபத்து நான்கு. வலது தொடை எலும்பு முறிவு. சேர்ந்த தேதி, கப்பல் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு. வெளியேறிய தேதி, நான்கு மாதம் கழித்து. கப்பல் பாறையில் மோதிய அன்று, சின்னவர் இந்தக் கட்டடத்தில், காலில் கட்டோடு, படுக்கையில் கிடந்திருக்கிறார்.

பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை. அதற்கு அடுத்த கட்டத்தில் ‘கொண்டுவந்து சேர்த்தவர்: அண்ணன்’ என்று எழுதி, ஒரு கையெழுத்து. அடியில் இரண்டு கோடுகள்.

“தேடினது கிடைச்சுதா?” என்றாள் அந்த அம்மாள்.

“கிடைச்சுது.”

மூன்று மாதத் தேடலில் இத்தனை சுத்தமான சான்று அவளுக்குக் கிடைத்ததே இல்லை. ஒரு கணம் சந்தோஷப்பட்டாள், அதை மறைப்பானேன். அடுத்த கணம் அந்த இரண்டு கோடுகள் யாருடையவை என்பது உறைத்தது. சுக்கான் பிடித்துத் தூங்கிய கை அவளுடைய தாத்தாவின் கை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைக்கரைச் சுவரில் நடந்தவரின் கை.

பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றே கால். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில், மடியில் தொலைநோக்கி. முழங்கால் அறுவைக்குப் பிறகு எட்டு மாதமாக அவர் வாசற்படி தாண்டவில்லை. வெளியே நிற்கிற கப்பல்களை எண்ணுவதும், வருகிற பைலட்டுகளைக் குறை சொல்வதும்தான் பொழுது. நண்டின் தம்பியும் இப்போது பைலட்தான், சொந்த மகன் என்று அவனுக்கும் அதில் சலுகை கிடையாது.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஐந்து வயது மூத்தவள். தீவிலேயே பைலட்டை ‘டேய்’ என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

“வேலை நேரத்துல எங்கடி சுத்திட்டு வர்ற?”

“அக்கரைக்கு, அத்தை.”

அப்பாவுக்கு முன்னால் சிறிய மேசையில் தகட்டு வாசகம் இருந்தது. கையெழுத்துப் போட பேனாவும் தயார். நண்டு கைபேசியை அதன்மேல் வைத்தாள்.

“இதைப் பாருங்கப்பா.”

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டினார். பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அவர் திடுக்கிடுவார், கோபப்படுவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் லாஞ்சில் வரும்போது நினைத்து, மாத்திரை எங்கே இருக்கிறது என்பதுவரை அவள் யோசித்து வைத்திருந்தாள்.

“இந்த ரிஜிஸ்டர் இன்னும் இருக்கா?” என்றார் அப்பா.

நண்டு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“பைலட் பரீட்சை பாஸ் பண்ணின அன்னைக்கு அப்பா சொன்னார். ரெண்டு நாள் தூங்காம சுக்கான் பிடிச்சிருக்கார். மூணாவது நாள் கண்ணு சொருகிடுச்சு. சித்தப்பா இங்க ஆஸ்பத்திரியில கிடந்தது ஊர்ல யாருக்கும் தெரியாது.”

“டேய், என்னடா பேசறீங்க ரெண்டு பேரும்?” என்றாள் அத்தை.

நண்டு சொன்னாள். நாலே வாக்கியம் போதுமாக இருந்தது. அத்தை மடித்த சேலையை மறுபடி உதறி, மறுபடி மடித்தாள்.

“உண்மையைச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போகணும்,” என்றார் அப்பா. “அடுத்தவன் புத்தகத்துல ஏறினதுக்கு ஒருத்தர், குடுத்ததுக்கு ஒருத்தர். சித்தப்பாதான் சொன்னாராம். எனக்குக் கால் போச்சு, இனிமே எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டான், என் பேரு எனக்கு எதுக்கு, நீயாவது கடலுக்குப் போன்னு.”

“அந்தப் புத்தகத்தைத் தாத்தா பெட்டியில வெச்சுப் பூட்டிட்டார்.”

“குடும்பத்தைப் பார்த்துக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்தார். ஆனா போகலை. அந்த வீட்டு வாசல்ல போய் நின்னா வாயில வந்துடும்னு பயம். அப்புறம் பயம் பழகிப்போச்சு.”

“எங்க அப்பா செத்த அன்னைக்கு,” என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல், “அந்த மனுஷன் தடியை ஊனிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்தார். உள்ள வரலை. தூக்கிட்டுப் போற வரைக்கும் நின்னார். பாவி, இவனுக்கு இங்க என்ன வேலைன்னு நான் நெனச்சேன். அதைப் பக்கத்துல நின்ன நாலு பேர்கிட்ட சத்தமா சொல்லவும் சொன்னேன்.”

சுவர்க்கடிகாரம் நாலு அடித்தது.

அப்பா பேனாவை எடுத்தார். “கடைசி வரியை எடுத்துடலாம். நான் சொன்னா செயலாளர் கேப்பான். பதினொரு பேர் மட்டும் இருக்கட்டும்.”

“காலையில அவரும் அதைத்தான் கேட்டார். ஆனா அவருக்கு உண்மை தெரியாது.”

“தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? எண்பத்தஞ்சு வருஷம்.”

“இன்னைக்கும் அந்த வீட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துல தூங்குமூஞ்சின்னுதான் கூப்பிடறாங்கப்பா. தகட்டுல எடுத்துட்டா அது நின்னுடுமா?”

“நண்டு, எங்க அப்பா பேரைச் சொல்லித்தான் கேப்டனுங்க கப்பலை என்னை நம்பி விட்டாங்க. இன்னைக்கு உன் தம்பியையும் அப்படித்தான் நம்பறாங்க. அந்தப் பேரை நானே...” பேனாவைக் கீழே வைத்தார். “செத்துப்போன மனுஷன்மா.”

“சின்னத் தாத்தாவும் செத்துப்போன மனுஷன்தான்.”

அந்த உறவுச் சொல்லை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

பையைத் திறந்து ஊதா மசிப் பேனாவையும் சின்ன அளவுகோலையும் எடுத்தாள். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கடைசி வரியில் சின்னவரின் பேர்மீது ஒரே ஒரு மெல்லிய கோடு. அதற்கு மேலே தாத்தாவின் பேர். இடது கீழ் மூலையில் இன்றைய தேதி, அக்கரை ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் பக்க எண். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்கிற வேலை. இந்த ஒன்றுக்கு அவளுக்கு வியர்த்தது.

அப்பா தடுக்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழிக்கலாமே. ஏன் ரெண்டு பேரும் தெரியற மாதிரி வெச்சிருக்க?”

“எங்க தப்பா இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான், பழைய வரைபடத்தை வெச்சிருக்கிறவங்களும் திருத்திப்பாங்க. எங்க வேலை அப்படிப்பா.”

நாலே முக்காலுக்கு வாசலில் பைக் சத்தம் கேட்டது. அப்பா கதவைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

அப்பா கையெழுத்துப் போட்டார்.

*

வெல்டர் வாசற்படியிலேயே நின்றார். அந்த வீட்டுக்குள் வந்து அவருக்குப் பழக்கம் இல்லை.

“உள்ள வாங்க,” என்றாள் நண்டு. “உக்காருங்க, அண்ணே.”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். வந்தார், உட்காரவில்லை. காகிதத்தை வாங்கி, தொழில்காரர் வழக்கப்படி முதலில் எழுத்துகளை எண்ணினார். விரல் வரி வரியாக இறங்கியது. கடைசி வரியில் நின்றது.

நண்டு கைபேசியை நீட்டினாள். எந்தத் தேதி எதற்கு என்று விரலால் காட்டினாள். ரேகையைக் காட்டினாள், இரண்டு கோடுகளைக் காட்டினாள். அவர் தேதிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கண் நிறைந்துகொண்டே வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“அப்ப அவர் சொன்னது நிஜம்,” என்றார். “எங்க அப்பாவே நம்பலை. நம்பாமயே போய்ச் சேர்ந்துட்டார்.”

பிறகு நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

“இது உங்களுக்கு எப்ப தெரியும்?”

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் படகு வேலைக்கு எழுதிப் போட்டேனே. குடும்பப் பின்னணின்னு ஓரத்துல எழுதினீங்களே. அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா, பெரியப்பா?”

குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று நண்டுக்கு இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனை தூரம் வந்தோம் என்று நினைத்தாள். அது இப்படியா வர வேண்டும்?

அப்பா தொலைநோக்கியை மேசைமேல் வைத்தார். பொய் சொல்ல இடம் இருந்தது. அது தெரிந்த நண்டும் அத்தையும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள்.

“தெரியும்,” என்றார்.

வெல்டர் தலையை ஆட்டினார். காகிதத்தை நான்காக மடித்தார். மடித்ததை மேசையில் வைத்துவிட்டு முகமூடியை எடுத்துக்கொண்டார். நண்டு எழுந்து பின்னாலேயே போவதற்குள் பைக் கிளம்பிவிட்டது. அவள் வாசலிலிருந்து பார்த்தாள். அது பட்டறைப் பக்கம் திரும்பாமல் கிடங்குத் தெருப் பக்கம் திரும்பியது.

உள்ளே வந்து சொன்னாள். “காகிதத்தை எடுத்துட்டுப் போகலைப்பா. வெட்டுவாரா மாட்டாரான்னும் சொல்லலை.”

அப்பா நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்தார். முழங்கால் கேட்கவில்லை, மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மேசையிலிருந்த காகிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“கிடங்குத் தெருவுல அவங்க வீடு எத்தனாவது?” என்று கேட்டார்.

நண்டுக்குத் தெரியவில்லை. ஏழு தலைமுறையை வரைந்தவளுக்கு அது தெரியவில்லை.

“இடது பக்கம், கடைசி வீடு,” என்றாள் அத்தை.

எட்டு மாதமாக அலமாரிக்கு அடியில் கிடந்த செருப்பை அவள் குனிந்து எடுத்தாள். தூசியைத் தன் சேலைத் தலைப்பால் தட்டினாள். கொண்டுவந்து தம்பியின் காலடியில் போட்டாள்.